படத்தை உருப்பெருக்கினால்

சிலாங்கூர் மாநிலத்தின் கோலலங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆறு கடலில் கலக்கும் பகுதியை ஒட்டி அமைந்திருப்பது கேரித் தீவு. தெலோக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு பாலத்தைக் கடந்தால் தீவுக்குள் நுழைந்துவிடலாம். எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு ரப்பர்த் தோட்டம் அமைத்தார். அவர் பெயரே தீவின் பெயராக நிலைத்துவிட்டது. இன்று தீவின் பெரும்பகுதி செம்பனை. கரையோரத்தில் அலையாத்திக் காடும், நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றுவெளியும் உள்ளன. சுங்கை பும்புன் முதலிய கிராமங்களில் மா மெரி எனப்படும் பூர்வக்குடி மக்கள் வாழ்கின்றனர். முகமூடி செதுக்குவதிலும் ஓலை முடைவதிலும் பெயர்பெற்றவர்கள் அவர்கள்.

கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் அருகில் இருப்பதால், படக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவோருக்கு இத்தீவு விருப்பமான இடம். சேற்றில் இரை தேடும் வெண்கொக்கு, செம்பனை மரங்களுக்கிடையே மாலையில் பறக்கும் கூகை, மூதாதையரை நினைவுகூரும் ஹரி மோயாங் திருநாளில் முகமூடி அணிந்து ஆடுவோர், தாழை ஓலையில் பாய் முடையும் மூதாட்டியின் விரல்கள் என்று ஒரே நாளில் பல நூறு படங்கள் சேர்ந்துவிடும்.

சிக்கல் வீடு திரும்பிய பிறகுதான் தொடங்குகிறது. கணினித் திரையில் படம் முதலில் அழகாகவே தெரிகிறது. பிறகு சுட்டியை இருமுறை சொடுக்கி, படத்தை 100 விழுக்காடு அளவுக்குப் பெருக்கிப் பார்க்கிறார்கள். செம்பனை ஓலையின் நுனியில் ஊதா நிறக் கோடு ஒன்று தெரிகிறது. கூகைக்குப் பின்னாலுள்ள இருட்டில் மணலைத் தூவியதுபோல் புள்ளிகள். பாயின்மீது இல்லாத வானவில் வளையங்கள். வில்லை பழுதா, கருவி பழுதா, எடுத்தவருக்குத்தான் தெரியவில்லையா என்று மனம் அலைபாய்கிறது. சிறிது நேரத்தில் நல்ல படங்கள் சில குப்பைத்தொட்டிக்குப் போய்விடுகின்றன. ஆங்கிலத்தில் இப்பழக்கத்தைக் கேலியாகப் 'பிக்சல் பீப்பிங்' என்பார்கள். படப்புள்ளிகளை ஒளிந்திருந்து எட்டிப் பார்ப்பது என்று அதற்குப் பொருள். கேலிப்பெயர் சூட்டும் அளவுக்கு இது உலகெங்கும் பரவிய கவலையாகும்.

இந்தக் கவலையில் எவ்வளவு நியாயம் உண்டு என்பதை அறிய, 100 விழுக்காடு என்றால் என்ன என்பதை முதலில் அறிய வேண்டும். மின்னிலக்கப் படம் என்பது பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளின் கூட்டம். 24 மில்லியன் புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் அகலவாட்டில் 6000 புள்ளிகளும் உயரவாட்டில் 4000 புள்ளிகளும் இருக்கும். பரவலாகப் புழங்கும் கணினித் திரையிலோ 1920க்கு 1080 புள்ளிகள்தாம் உள்ளன. எனவே முழுப் படத்தையும் திரைக்குள் அடக்கும்போது கணினி அதைச் சுருக்கியே காட்டுகிறது. 100 விழுக்காட்டில் படத்தின் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியில் வந்து அமர்கிறது. அப்போது திரையில் தெரிவது படத்தில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டுமே.

24 அங்குலத் திரை ஒன்றில் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். முழுப் படமும் அதே அளவில் விரிந்தால் அதன் அகலம் ஏறத்தாழ 166 சென்டிமீட்டர், உயரம் 110 சென்டிமீட்டர். அதாவது, சுவரில் மாட்டிய அவ்வளவு பெரிய படத்தின் முன்னே, அரை மீட்டர் தொலைவில் நின்றுகொண்டு அதன் ஒரு மூலையை மட்டும் ஆராய்வதற்குச் சமம். கண்காட்சியில் இவ்வளவு பெரிய படத்தை எவரும் அப்படிப் பார்ப்பதில்லை; இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவான கோணத்தில் அமைந்த இரு புள்ளிகளை நல்ல கண்ணாலும் பிரித்தறிய இயலாது. ஒரு மீட்டர் தொலைவில் இது 0.3 மில்லிமீட்டர். அத்தகைய திரையின் ஒரு புள்ளியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆகவே நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தாலே கவலைகளில் பாதி மறைந்துவிடும்! பொங்கலன்று வாசலில் இட்ட கோலத்தை மூக்கு உரசும்படி குனிந்து பார்த்தால் தெரிவது மாவுதான், கோலம் தெரியாது.

மின்னிலக்கப் படக்கருவி தோன்றிய காலத்தில் இத்தகைய கவலைக்கு இடமே இருக்கவில்லை. 1975ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முன்மாதிரிக் கருவி 100க்கு 100, அதாவது பத்தாயிரம் புள்ளிகளையே பதிவுசெய்தது. ஒரு படத்தை ஒலிநாடாவில் சேமிக்க அதற்கு 23 வினாடிகள் பிடித்தன. படச்சுருள் காலத்திலோ பெரும்பாலோர் படத்தை 4ஆர் எனப்படும் உள்ளங்கை அளவுத் தாளில்தான் கண்டனர். அச்சுருளிலும் பொடிப்பொடியான வெள்ளித் துகள்கள் இருந்தன. ஆனால் உருப்பெருக்காடி வைத்துப் பார்ப்பவர் தொழில்முறைக் கலைஞராக இருந்தால்தான் உண்டு. இன்று அந்த உருப்பெருக்காடி ஒவ்வொருவர் சுட்டுவிரலிலும் இருக்கிறது.

குறைகள் கற்பனையல்ல. அவை ஒவ்வொன்றுக்கும் இயற்பியல் காரணம் உண்டு. காரணத்தை அறிந்தால் எது தானாக மறையும், எது மறையாது என்பதும் விளங்கிவிடும்.

முதலில் கூகையின் பின்னாலுள்ள மணல். மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் எலிகளைக் கட்டுப்படுத்துவதற்காகக் கூகைகளுக்குக் கூடுப்பெட்டிகள் அமைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கூகை இரை தேடிப் புறப்படுவது வெளிச்சம் மங்கும் வேளையில். அந்த நேரத்தில் எடுத்த படங்களில் தோன்றும் மணல்போன்ற புள்ளிகளை இரைச்சல் என்பர். வானொலியில் நிலையம் சரியாகச் சேராதபோது கேட்கும் கரகர ஓசையிலிருந்து வந்த பெயர் இது. ஒளி, துகள்களாக வந்து சேர்கிறது. அவை மழைத்துளிகளைப் போல ஒழுங்கின்றி விழுகின்றன. முற்றத்தில் நூறு கிண்ணங்களை வரிசையாக வைத்ததாகக் கொள்வோம். சிறு தூறல் போட்டு நின்றுவிட்டால் ஒரு கிண்ணத்தில் எட்டுத் துளி, அடுத்ததில் பதின்மூன்று துளி என்று ஏறுக்குமாறாக இருக்கும். அடைமழை பெய்தால் எல்லாக் கிண்ணங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவு நீர் நிற்கும். படக்கருவியின் ஒளியுணரியிலும் அப்படியே. சராசரியாக 100 ஒளித்துகள்கள் விழும் புள்ளிகளில் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது 10 விழுக்காடு. 10,000 துகள்கள் விழும் புள்ளிகளில் ஏற்ற இறக்கம் சுமார் 100 என்றாலும், அது 1 விழுக்காடுதான். இருட்டில் எடுத்த படத்தில் மணல் தெரிவது தூறலின் குணம், கருவியின் பழுதன்று. ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துவதால் கூடுதல் ஒளி வந்துவிடுவதில்லை. கிடைத்த சமிக்ஞை பெருக்கப்படுகிறது. அதனுடன் ஏற்ற இறக்கமும் சேர்ந்து பெருகுகிறது.

இந்த இரைச்சல் 100 விழுக்காட்டில்தான் அச்சுறுத்தும். 24 மில்லியன் புள்ளிகள் கொண்ட படத்தைக் கணினித் திரையின் அளவுக்குச் சுருக்கும்போது, பன்னிரண்டு புள்ளிகள் கலந்து ஒரு புள்ளியாகின்றன. ஒன்றில் கூடியதும் மற்றொன்றில் குறைந்ததும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, இரைச்சல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு தணிகிறது. ஏ4 தாளில் நேர்த்தியாக அச்சிட ஒன்பது மில்லியன் புள்ளிகள்கூடத் தேவையில்லை என்பதால், அச்சிலும் ஓரளவு இதுவே நிகழும். பிளாஷ் விளக்கை அடித்திருந்தால் இரைச்சலே இருந்திருக்காது என்று சிலர் சொல்லக்கூடும். இருட்டுக்குப் பழகிய கூகையின் கண்ணில் அந்த ஒளியைப் பாய்ச்சுவது சரியாகாது. மூதாதையர் ஆவிகளுக்குப் படையல் வைத்து வழிபடுவோரின் முகத்தில் பாய்ச்சுவதும் அப்படியே. அவ்விடங்களில் எடுத்த படத்தில் மணல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓலை நுனியில் தெரிந்த ஊதாக்கோட்டின் கதை மிகப் பழையது. கண்ணாடி வில்லை எல்லா நிறங்களையும் ஒரே அளவில் வளைப்பதில்லை. நீலத்தைக் கூடுதலாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கிறது. அதனால் நிறங்கள் ஒரே இடத்தில் குவியாமல் விளிம்பில் பிரிந்து நிற்கும். இதற்கு நிறப்பிறழ்ச்சி என்று பெயர். வில்லையின் இக்குறையை நீக்க வழியில்லை என்று கருதிய ஐசக் நியூட்டன், 1668ஆம் ஆண்டில் வில்லைக்குப் பதிலாக ஆடியைக் கொண்டு தொலைநோக்கி செய்தார். மாமேதையின் அக்கருத்து பிழையாயிற்று. இருவகைக் கண்ணாடிகளை இணைத்து நிறப்பிறழ்ச்சியைப் பெருமளவு குறைக்கும் வில்லைக்கு 1758இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டோலண்ட் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பட்டு நெசவு செய்துவந்தவர் அவர். இன்றைய படக்கருவி வில்லைகள் அந்த வழியில் வந்தவையே. ஆயினும் வெளிறிய வானத்தை எதிர்த்து நிற்கும் கரிய ஓலைபோல, கடும் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் விளிம்புகளில், அதிலும் படத்தின் மூலைகளில், மிச்சம் மீதி தலைகாட்டும். பெரும்பாலான படத்தொகுப்புச் செயலிகள் இதை ஒரு சொடுக்கில் துடைத்துவிடும். இதற்காக உறக்கம் இழக்கத் தேவையில்லை.

பாயின்மீது தோன்றிய வானவில் வளையங்கள் அப்படிப்பட்டவை அல்ல. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால், எந்த வலையிலும் இல்லாத அலைகள் நெளிவதைக் காணலாம். ஒழுங்கான இரு கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது இவ்வாறு நிகழும். அலையோடிய பட்டுத்துணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லால் இதை முவாரே என்பர். மா மெரிப் பெண்கள் தாழை ஓலையை மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து, நிறமேற்றி, நெருக்கமாக முடைகின்றனர். அந்த முடைச்சல் ஒரு கட்டம். ஒளியுணரியின் புள்ளிவரிசை மற்றொரு கட்டம். இரண்டும் ஏறத்தாழ ஒரே நெருக்கத்தில் சந்தித்தால் போலிக் கோலம் பிறக்கிறது.

அதில் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கலாம். ஒளியுணரிக்கு நிறம் தெரியாது; ஒளியின் அளவு மட்டுமே தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியின்மீதும் ஒரு வண்ண வடிகட்டி பொருத்தப்படுகிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் பாதிப் புள்ளிகள் பச்சை, கால் பகுதி சிவப்பு, கால் பகுதி நீலம். மனிதக் கண் பச்சையில்தான் நுணுக்கத்தை மிகுதியாக உணர்கிறது என்பதால் இந்தப் பங்கீடு. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணித்து நிரப்புகிறார்கள். ஆகவே மின்னிலக்கப் படத்தில் தெரியும் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு கணிப்புதான். வழக்கமான காட்சிகளில் கணிப்பு சரியாகவே அமைகிறது. நெருங்கிய முடைச்சலில்தான் அது தடுமாறி, இல்லாத வானவில்லைக் காட்டிவிடுகிறது.

முவாரேயைத் தவிர்க்க ஒளியுணரியின் முன் மெல்லியதொரு வடிகட்டி வைத்துப் படத்தைச் சிறிதே மழுப்புவார்கள். கூர்மை கொஞ்சம் குறையும். போலிக் கோலமும் குறையும். 2012இல் நிக்கோன் நிறுவனம் 36 மில்லியன் புள்ளிகள் கொண்ட டி800 என்னும் கருவியை இருவகையாக வெளியிட்டது. ஒன்றில் இந்த மழுப்பல் இருந்தது. டி800இ என்ற மற்றொன்றில் மழுப்பலின் விளைவு நீக்கப்பட்டிருந்தது. முழுக் கூர்மை வேண்டுவோர் முவாரே வரும் வாய்ப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்தக் குறை படத்தைச் சுருக்கினாலும் போகாமல் நிற்கக்கூடும். சில வேளைகளில் சுருக்கும்போதே புதிதாக முளைப்பதும் உண்டு. பாய் முடைபவரிடமிருந்து இரண்டு அடி தள்ளி நின்றோ, கோணத்தைச் சற்றுத் திருப்பியோ இன்னொரு படம் எடுத்துக்கொள்வதே எளிய வழி. முடைச்சலின் உண்மையான கோலத்தைப் பின்னர் ஒருவர் பார்த்துக் கற்க வேண்டுமென்றால் இந்தச் சிரமம் தகும்.

இனி, உருப்பெருக்காமலே தெரியும் குறைகளுக்கு வருவோம். வெண்கொக்கு கரிய சேற்றில் நிற்கிறது. படத்தின் பெரும்பகுதி கரியது என்பதால், காட்சி இருட்டாக இருக்கிறது என்று கருவி எண்ணிக்கொண்டு ஒளியைக் கூட்டிவிடுகிறது. விளைவு, கொக்கின் உடல் முழுவதும் ஒரே வெள்ளை. கிண்ணம் நிரம்பி வழிந்த பிறகு எத்தனை துளி விழுந்தது என்று எண்ண முடியாததுபோல், ஒளியுணரியின் புள்ளி நிரம்பிவிட்டால் அதற்குமேல் வேறுபாடு பதிவாகாது. இறகுகளின் வரிசை அங்கு இல்லவே இல்லை. எந்தச் செயலியாலும் அதை மீட்க இயலாது. வேடிக்கை என்னவென்றால், இருட்டிலுள்ள மணலைத் தேடித் தேடிக் கவலைப்படுபவர் இந்த வெள்ளைத் திட்டைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார். கொக்கைப் படமெடுக்கும்போது ஒளியளவை ஒரு படி குறைத்து வைத்திருந்தால் இறகுகள் தப்பியிருக்கும்.

அசைவும் அத்தகையதே. ஆடுபவரின் கை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசப்படுவதாகக் கொண்டால், வினாடியின் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் அது மூன்று சென்டிமீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்தில் 4 மில்லிமீட்டரே நகரும். முன்னதில் கை பனிமூட்டம்போல் கலங்கும். பின்னதில் கை தெளிவாக இருக்கும்; ஆனால் ஒளி குறைவதால் மணல் கூடும். எதை விட்டு எதைப் பெறுவது என்பதைப் படமெடுப்பவர் அந்த நொடியில் முடிவுசெய்தாக வேண்டும். கலங்கிய கையே ஆட்டத்தின் வேகத்தை உணர்த்தும் சமயங்களும் உண்டு. கலங்கிய முகத்துக்கு அவ்வாறு சமாதானம் சொல்வது கடினம்.

அப்படியானால் உருப்பெருக்கிப் பார்ப்பதே வீண் என்று முடிவுகட்டிவிட வேண்டியதில்லை. கண்ணின்மீது குவியம் சரியாக விழுந்ததா என்பதை வேறெப்படியும் உறுதிசெய்ய முடியாது. ஒளியுணரியில் ஒட்டிய தூசும் அவ்வாறே பிடிபடுகிறது. ஒளித்துளையைச் சிறிதாக்கி எடுத்த படங்களில் வானத்தில் சாம்பல்நிறத் திட்டு தெரியும். எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் தெரிந்தால் அது பறவையன்று, தூசு. நிக்கோன் டி600 என்னும் கருவி 2012இல் வெளிவந்தபோது, வாங்கியவர்கள் தங்கள் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, புள்ளிகள் பெரும்பாலும் இடப்பக்க மேல்மூலையில் சேர்வதைக் கண்டனர். 2013இன் தொடக்கத்தில் நிறுவனம் இக்குறையை ஏற்று அறிக்கை வெளியிட்டது. மறு ஆண்டு, உத்தரவாதக் காலம் முடிந்த கருவிகளையும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. 2006இல் வெளிவந்த லைக்கா எம்8 கருவியில் கறுப்புச் செயற்கைத் துணி ஊதாவாகத் தெரிந்ததற்கும் இவ்வாறே தீர்வு கிடைத்தது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர் உள்ளே புகுந்ததே அதற்குக் காரணம். வாங்கியோருக்கு அந்நிறுவனம் வடிகட்டிகளை இலவசமாக வழங்கியது. நுணுகிப் பார்த்தவர்களின் பிடிவாதம் இவ்விடங்களில் பயன் தந்தது.

திறன்பேசிப் படங்களில் வேறொரு தொல்லை. ஜேபெக் என்னும் கோப்புமுறை 1992 முதல் வழக்கில் உள்ளது. அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, கண் அதிகம் கவனிக்காத நுணுக்கங்களை விட்டுவிட்டுச் சேமிக்கிறது. ஒருமுறை சேமித்தால் வேறுபாடு தெரியாது. அதையே புலனத்தின் வழியாக ஒருவர் அனுப்ப, பெற்றவர் மீண்டும் சேமித்து வேறொருவருக்கு அனுப்ப, சதுரங்கள் மெல்ல வெளியே தெரியத் தொடங்கும். குடும்பக் குழுக்களில் ஆண்டுக்கணக்காகச் சுற்றிவரும் தீபாவளி வாழ்த்துப் படங்கள் கட்டம் கட்டமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரைச்சலைக் கண்டு அஞ்சுவோருக்காகவே திறன்பேசிகளும் செயலிகளும் படத்தைத் தாமாக வழவழப்பாக்கித் தருகின்றன. அண்மைக்காலச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒருபடி மேலே சென்று, அங்கே இருந்திருக்கக்கூடிய நுணுக்கத்தைத் தாமே வரைந்தும் விடுகின்றன. இது மணலைவிடப் பெரிய இழப்பு. மா மெரிச் சிற்பிகள் அலையாத்திக் காட்டில் வளரும் நீரே பத்து என்னும் செந்நிற மரத்தில் சிலைகளைச் செதுக்குகின்றனர். அந்த மரத்தின் இழையோட்டமும் உளி பட்ட தடமும் மணலைப்போலவே நுண்ணியவை. எது மரத்தின் இழை, எது இரைச்சல் என்று செயலிக்கு எப்போதும் பிரித்தறியத் தெரிவதில்லை. இரண்டையும் சேர்த்தே தேய்த்துவிடுகிறது. சிலை நெகிழியில் வார்த்ததுபோல் பளபளக்கும். மணல் தெரியும் படத்தில் உளித்தடமும் மிஞ்சியிருக்கும்.

கோலலங்காட் கரையோர மக்களைப் படமெடுக்கும் வழக்கம் நூறாண்டுக்கும் முந்தியது. மா மெரி மக்களை அக்காலத்து ஆங்கிலேயர் பெசிசி என்று அழைத்தனர். டபிள்யூ. டபிள்யூ. ஸ்கீட், சி. ஓ. பிளாக்டன் ஆகிய இருவரும் மலாயாத் தீபகற்பத்துப் பூர்வக்குடிகளைப் பற்றி எழுதி, 1906இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் அவர்களைப் பற்றிய குறிப்புகளும் படங்களும் இடம்பெற்றுள்ளன. இன்றைய மலிவான திறன்பேசியின் படத்தோடு ஒப்பிட்டாலும் அப்படங்களின் கூர்மை குறைவுதான். அவற்றைத் திறந்து பார்க்கும் ஆய்வாளர், அன்றைய மக்கள் என்ன உடுத்தினர், எப்படி நின்றனர் என்பதையே தேடுகிறார்.

கேரித் தீவின் தோற்றமும் இப்படியே இருந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. இங்குப் பெரியதொரு துறைமுகம் அமைக்கும் எண்ணம் 2017 முதல் பேசப்பட்டு வருகிறது. அது நிறைவேறினால் இன்றைய சேற்றுவெளியும் அலையாத்திக் கரையும் மாறக்கூடும். அவற்றை இன்று படமெடுப்பவர், திரையில் மணலைக் கண்டதும் அழித்துவிடும் கோப்புகளில் அந்தக் கரையும் சேர்ந்தே அழிகிறது. சேமிப்பு வட்டில் அக்கோப்பு பிடிக்கும் இடமோ மிகச் சிறிது. படக்கருவியிலிருந்து நேராக இறக்கிய மூலக்கோப்பைத் தனியே வைத்துவிட்டு, திருத்தங்களை அதன் நகலில் செய்வதே ஆவணக் காப்பாளர்களின் வழக்கம். மூலக்கோப்புக்குள் படம் எடுத்த நாளும் நேரமும், கருவியில் வசதி இருந்தால் எடுத்த இடமும் பதிந்திருக்கும். புலனத்தின் வழி கைமாறிய நகலில் இவை பெரும்பாலும் எஞ்சுவதில்லை.